சமையல்கட்டு முன்னால் வந்த கதை

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர்)

ஹோட்டலுக்குப் போனால் நாம் முதலில் பார்ப்பது என்ன? ஏ.சி. இருக்கா, பில் எவ்வளவு வரும், அவ்வளவுதான். இந்த முறை கொஞ்சம் டிப்ளமோ கண்ணோடு பார்ப்போமே!

இன்று பெரிய நகரங்களில் செஃப்களே முதலாளியாக இருந்து ரெஸ்டாரண்ட் நடத்துகிறார்கள். அவற்றின் உள் அலங்காரத்தில் முக்கியமானது திறந்த சமையலறை. 1982-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வுல்ஃப்காங் பக் என்ற செஃப் 'ஸ்பாகோ' ரெஸ்டாரண்டைத் தொடங்கினார். உள் வடிவமைப்பு பார்பரா லாசராஃப். சாப்பிடுகிறவர் கண்ணெதிரே சமையலறை! இந்த வழக்கம் பல நாடுகளுக்கும் பரவ அந்த ரெஸ்டாரண்டும் ஒரு காரணம்.

"இதென்ன அதிசயம்? நம்ம ஊர் புரோட்டா கல் வாசல்லயே இருக்கே!" என்பீர்கள். நியாயம்தான். ஹூண்டாய் தொழிற்சாலை வந்தபின் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய ஹோட்டல்களும் வந்தன. கொரிய பார்பிக்யூ முறையில் மேஜை நடுவிலேயே அடுப்பு. அதற்கு நேர் மேலே புகை உறிஞ்சும் குழாய். அந்தக் குழாயில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரகடத்தில் ட்ரெயினிங் போனபோது நாங்கள் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சமைப்பவரே முதலாளி. புதிதாக ஃபால்ஸ் சீலிங், கலர் லைட், சமையல்கட்டுக்குக் கண்ணாடித் தடுப்பு எல்லாம் போட்டிருந்தார். ஷிப்ட் விட்டதும் கூட்டம் அலைமோதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் புகையில் நனைந்து நிற்பார்.

"என்னண்ணே, இவ்ளோ வேர்க்குது?"

"முன்னாடி பூரா ஏ.சி. போட்டாச்சு தம்பி. எனக்குத்தான் காத்து இல்ல."

பணம் எங்கே போனது என்று அன்று புரிந்தது. அவருக்கு என்ன தேவைப்பட்டது?

புகைக்கூண்டு: சூடான காற்று மேலே போகும்போது விரியும். அதனால் கூண்டு, அடுப்பைவிடத் திறந்த பக்கங்களில் சுமார் 15 செ.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்க ஃபில்டர் அவசியம். அதை அடிக்கடி கழுவாவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மாற்றுக் காற்று: ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரணும். இல்லாவிட்டால் ஹாலில் இருக்கும் ஏ.சி. காற்றைத்தான் அது இழுக்கும். கரண்ட் பில் எகிறும். சுமார் 80 சதவீதத்தைச் சமையல்கட்டுக்கே வெளியிலிருந்து கொடுத்து, மீதியை ஹாலிலிருந்து இழுக்க விட்டால் போதும். புகையும் ஹாலுக்கு வராது.

மேடை உயரம்: காய் வெட்டும் மேடை முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்வாக இருப்பது நல்லது. மாவு பிசைய இன்னும் தாழ்வாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே உயரம் வைத்தால் மாஸ்டரின் முதுகு போய்விடும்.

சத்தம்: கண்ணாடி, டைல்ஸ், எவர்சில்வர் மூன்றும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். சீலிங்கில் துளையிட்ட பலகை போட்டால் குறையும்.

சமையலறையைத் திறந்து காட்டுவது அழகுதான். ஆனால் காட்டத் தகுந்த மாதிரி அது இருக்க வேண்டாமா? மேஜையில் இருப்பவர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். கல்லின் முன் நிற்பவர் நாள் முழுக்க நிற்பார். டிசைன் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நண்பர்களே! கடைசி வருட புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? பக்கத்து மெஸ்ஸுக்கு ஒரு டேப்பும் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்டு போங்கள். சிவில், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் மூன்று பேருக்கும் அங்கே வேலை இருக்கிறது!