காலந்தாழ்ந்த சிகிச்சையும் நஷ்ட ஈட்டு உரிமையும்

தறியில் ஏற்றிய பாவு நான்கு நாள் காத்திருக்கும். வெட்ட வேண்டிய வரப்பும் ஒரு வாரம் பொறுக்கும். இரத்தத்தில் கலந்த நோய்க்கிருமியோ பொறுப்பதில்லை. கிருமித் தொற்று முற்றி உடலின் உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கும் நிலையை வைத்தியர்கள் ‘செப்சிஸ்’ என்பர். நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், மூச்சு வாங்குதல், அறிவு தடுமாறுதல், சிறுநீர் குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்ட நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் தக்க ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது இன்றைய வைத்திய நெறி.

உரிய சிகிச்சை காலத்தில் கிட்டாமல் ஓர் உயிர் போனால், குடும்பத்தார் கேட்கக்கூடிய நீதி யாது? இதனை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி விளக்க முற்படுகிறோம்.

2002 ஜூலையில், விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சலுடன் ஒரு பெண்மணி ஐதராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே டைபாய்டு எனக் கொண்டு சிகிச்சை செய்தனர். நான்கு நாட்களில் நிலைமை மோசமாகி வேறொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அவர் உயிர் நீத்தார். நோய் மலேரியா என்பது பிறகு வெளிப்பட்டது. கணவர் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது. நிபுணர் சாட்சியம் இல்லை என்று மேல் ஆணையங்கள் அதனைத் தள்ளின. 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பையே நிலைநாட்டியது. தவறு வெளிப்படையாகத் தெரியும்போது எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் தேவையில்லை என்றும் கூறியது.

இதனால், உயிர் பிரிந்த இடமெல்லாம் அலட்சியம் என்று எண்ணிவிடலாகாது. நோயை நிர்ணயிப்பதில் பிழை நேர்வது இயல்பு. ஒத்த தகுதியுடைய வைத்தியர் காட்டும் சாதாரணத் திறமையும் கவனமும் காட்டப்பட்டனவா என்பதே கேள்வி. அதற்கும் மேலாக, அந்தத் தாமதத்தினால்தான் தீங்கு விளைந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். உரிய நேரத்தில் மருந்து கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றால் வழக்கு நிற்பது அரிது. வழக்குகள் தோற்கக்கூடிய இடம் இது.

ஆகையால் வழக்கின் உயிர் நேரக் குறிப்பில் இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய நாள், மருத்துவமனையை அடைந்த மணி, வைத்தியர் பார்த்த மணி, முதல் மருந்து ஏறிய மணி ஆகியவற்றை வீட்டார் எழுதி வைத்தல் வேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிடுகின்றன.

பணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் அடங்காது. அதற்குச் சிவில் நீதிமன்றத்தை நாடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தல் வேண்டும். மருத்துவமனை வேற்றூரில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரையாயின் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் இன்றித் தாமே வாதாடவும் இடமுண்டு.

நாமும் ஒன்றை மறத்தலாகாது. நூல் கூலிக்கும் அறுவடைக்கும் அஞ்சி, காய்ச்சலைக் கஷாயத்தோடு நான்கு நாள் வீட்டில் வைத்திருப்பது நம்மிடையே உள்ள வழக்கம். அந்தத் தாமதத்துக்கு எந்த ஆணையமும் ஈடு தராது. தேதியில்லாத சீட்டைச் சங்கத் தணிக்கையாளர் ஏற்பதில்லை. நோயின் கணக்குக்கும் அதுவே விதி. விரைந்து செல்வோம், நேரத்தைக் குறித்து வைப்போம்.