ஏழு டிகிரியில் தொடங்குகிறது குளிர்காலம்

கனடாவின் டொராண்டோவில் அக்டோபர் கடைசியில்கூட வெயில் அடிக்கும். மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருக்கும், ஆட்கள் மெல்லிய ஜாக்கெட்டோடு உலாவுவார்கள். ஆனால் கார் கராஜ்களில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே நேரம் வாங்கி டயர் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் எல்லோரும் முதல் பனி கொட்டிய மறுநாள் காலை ஒரே நேரத்தில் போன் போடுவார்கள். அன்றைக்குக் கேட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான் இடம் கிடைக்கும்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் ஈழத்தமிழர்கள் நடத்தும் கராஜ்களில் அந்த நாட்களில் காதில் விழும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணை, இன்னும் ரயர் மாத்தேல்லையோ?"

"ஸ்னோவே கொட்டேல்லை, தம்பி. என்ன அவசரம்?"

"ஸ்னோவைப் பாக்காதேங்கோ அண்ணை, குளிரைப் பாருங்கோ."

தம்பி சொல்வதுதான் சரி. பனி விழுவதற்கு வெகு முன்பே, வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதே, சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய வண்டியானாலும் ஒவ்வொரு சக்கரமும் சாலையைத் தொடுவது உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த இடத்தில் ரப்பர் நெகிழ்ந்து கொடுத்தால்தான் பிடிமானம். குளிர்காலத்துக்கென்றே செய்யும் விண்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி தயாரிக்கப்பட்டது. அதன் மேற்பரப்பை விரலால் தடவிப் பார்த்தால் நெருக்கமாக மெல்லிய வெட்டுகள் ஓடுவது தெரியும். பனியைக் கவ்வுவது அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். வெறும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்து, வரிப்பள்ளங்களின் வடிவத்தை மட்டும் குறிப்பது. அதை நம்பி மலைப்பாதை ஏறக்கூடாது. காசை மிச்சம் பிடிக்க முன்பக்கம் மட்டும் இரண்டு போடுகிறவர்களும் உண்டு. முன் சக்கரம் பிடித்து நிற்கும், பின்பக்கம் பிடிப்பில்லாமல் சுழன்றுகொண்டு வரும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும்.

'எங்கள் வண்டியில் நாலு சக்கரமும் இழுக்கும், விண்டர் டயர் எதற்கு?' என்பது எஸ்யூவி வைத்திருப்பவர்கள் சிலரின் கேள்வி. நாலு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது சுலபம், உண்மைதான். ஆனால் பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தானே இருக்கிறது? நிற்கும் விஷயத்தில் அந்த எஸ்யூவிக்கு ஒரு சலுகையும் கிடையாது. சுலபமாகக் கிளம்பிய தைரியத்தில் வேகம் கூடிவிடுவதுதான் கண்ட பலன்.

கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். 2008இல் வந்த சட்டம் அது. பக்கத்து மாநிலமான ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தந்தாக வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய தள்ளுபடி அது. பலர் கேட்பதில்லை.

முதல் குளிர் காலையில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயருக்குள் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். இதமான நாளில் 33 வைத்த டயர், மைனஸ் 10இல் 28க்கு வந்து நிற்கும். காற்றடித்தால் விளக்கு அணைந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. அதைக் கெடுப்பது பெரும்பாலும் கோடை வெயில்தான். குளிர்காலம் அந்தக் கேட்டை வெளியே கொண்டுவருகிறது, பழியையும் ஏற்றுக்கொள்கிறது. மைனஸ் 18இல் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். வரவு பாதி, செலவு இரட்டை என்றால் குடும்பமே ஓடாது, கார் எப்படி ஓடும்? நாலைந்து வருடம் ஓடிய பேட்டரியை நவம்பருக்குள் சோதித்துவிடுவது நல்லது. சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும்.

கண்ணாடி கழுவும் தொட்டியில் நம் ஊரில் போல் தண்ணீர் ஊற்றினால் ஒரே இரவில் உறைந்து குழாயையே பிளந்துவிடும். அங்கே கடைகளில் மைனஸ் 40 வரை உறையாத நீல நிறத் திரவம் கேன் கேனாக அடுக்கியிருப்பார்கள். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று குழம்பத் தேவையில்லை, மைனஸ் 40இல் இரண்டும் ஒன்றுதான். உப்புத் தண்ணீர் தெறித்து முன்கண்ணாடி வெள்ளையாகும் நாளில், நெடுஞ்சாலையில் இந்தத் திரவம் தீர்ந்துபோனால் குருட்டு ஓட்டம்தான்.

வினிபெக், சஸ்கட்டூன் போன்ற சமவெளி நகரங்களில் குளிர் வேறு ரகம். மைனஸ் 30 அங்கே செய்தியே இல்லை. கார்களின் முகப்பில் ஒரு மின்வயர் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வந்தவர்கள் எல்லாம் மின்சாரக் கார் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அது எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் வயர். அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் இப்படியொரு ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். கார் நிறுத்துமிடங்களில் அதற்கென்றே பிளக் வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ஓட வேண்டியதில்லை, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு டைமர் போட்டால் போதும்.

காருக்குள் என்ன வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க செனட்டர் டிம் கெய்ன் பட்ட பாடு நல்ல பாடம். 2022 ஜனவரியில் வர்ஜீனியாவின் ஐ-95 நெடுஞ்சாலை பனிப்புயலில் அப்படியே நின்றுபோனது. ரிச்மண்டிலிருந்து வாஷிங்டனுக்கு இரண்டு மணி நேரத்தில் போகிறவர், 27 மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவது, பெட்ரோலை மிச்சப்படுத்த அணைப்பது, குளிர்ந்ததும் மறுபடி போடுவது என்று இரவைத் தள்ளினார். குளிர்காலத்தில் டேங்க் பாதிக்குக் கீழே போகக்கூடாது என்று அங்கே பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான். கூடவே கம்பளி, கையுறை, டார்ச், ஜம்பர் கேபிள், சிறு மண்வெட்டி, தின்ன ஏதாவது. சக்கரம் பனியில் சுழன்று மாட்டிக்கொண்டால் கீழே தூவ ஒரு பை மணல். பனியில் சிக்கி நிற்கையில் எஞ்சினைப் போடுமுன் இறங்கி, புகைக்குழாய் வாயில் பனி அடைத்திருந்தால் தள்ளிவிட வேண்டும். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.

காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்கள் முன்கண்ணாடியில் ஒரு ஜன்னல் அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு, கூரையில் ஓரடிப் பனியைச் சுமந்துகொண்டே ஓட்டுவார்கள். முதல் பிரேக்கில் அது மொத்தமும் சரிந்து கண்ணாடியை மூடும். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் தலையில் போய் விழும். என் கணக்கில் குளிர்காலச் சோம்பேறித்தனங்களில் மன்னிக்கவே முடியாதது இது.

இனி உப்பு. சாலையில் கொட்டும் உப்பு பனியை உருக்குகிறது, கூடவே காரின் அடிப்பகுதியை அரிக்கிறது. பத்து வயதுக் காரின் கதவோரத்தில் துரு பூத்திருப்பது ஒன்டாரியோவில் சர்வசாதாரணம். அதனால்தான் இலையுதிர் காலத்திலேயே அடியில் எண்ணெய் அடிக்கச் சொல்கிறார்கள். அது ஓரிரு நாள் சொட்டும், வீட்டு வாசல் கறையாகும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டும். ஆனால் மைனஸ் 15இல் கழுவிவிட்டு வெளியே நிறுத்தினால், மறுநாள் கதவே திறக்காது. அதனால் பிப்ரவரியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டும் நாளில் கார் கழுவும் நிலையங்களுக்கு முன்னால் தெருமுனை வரை வரிசை நிற்கும். அன்றைக்கு வரிசையில் நின்று கழுவி, கதவு ரப்பர்களை உலரத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவது உத்தமம்.