ஈருருளியில் நீலகிரி ஏறுதல்

மலைநாடு காணச் செல்வோர் இந்நாளில் மலையைக் காண்பதினும், தமக்கு முன் ஊர்ந்து செல்லும் மோட்டாரின் பின்புறத்தைக் காண்பதே பெரும்பான்மை. கோடை விடுமுறையில் குன்னூர்ச் சாலையிற் சென்று மீண்ட நம் கல்லூரி அன்பர் பலரும் இதனை அறிவர். மோட்டாரின்றி மலையேறல் கூடுமோ எனின், கூடும். ஈருருளி, துவிசக்கர வண்டி, மிதிவண்டி என நூலோர் பல பெயரிட்டும், தெருவிற் சைக்கிள் என்றே நிலைபெற்ற ஊர்தி அதற்குப் போதியது. அஃது எங்ஙனம் என்பதே ஈண்டுக் கூறப்புகுந்த பொருள்.

எம் ஊராகிய பல்லடத்திலிருந்து திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இவ்வழியில் ஒரு வியப்பு உண்டு. பல்லடமும் மேட்டுப்பாளையமும் கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ ஒரே உயரத்தன. இரண்டும் 325 மீட்டரை ஒட்டியன. ஆதலின் முதல் நாட் செலவில் உயரத்தின் பொருட்டு நாம் இறுக்க வேண்டிய வரி மிகச் சிறிது. இறுக்க வேண்டுவது காற்றுக்கே. மேற்குத் தொடர்ச்சி மலையிற் பாலக்காட்டருகே ஒரு பெருங் கணவாய் திறந்து கிடப்பதால், ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று அவ்வாயிற் புகுந்து எம் ஊர்ப்புறத்தே சீறி வரும். பல்லடம், உடுமலைப் பக்கங்களிற் காற்றாலைகள் வரிசையாய் நிற்பது அதனாலேயே. அக்காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி மிதிப்பவன் மலை வருமுன்னரே மலையேறினவன் ஆவான். தை, மாசித் திங்களிலோ அக்கணவாயிற் காற்று பெரும்பாலும் கீழ்த்திசையினின்று வீசும். போகும்போது முதுகிற் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும்.

இனி மலைக்கு வருவாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அவ்வளவிற் சாலை ஏறத்தாழ 1,450 மீட்டர் உயர்கின்றது. அதாவது, சராசரியாக 23 அடி சென்றால் ஓரடி ஏற்றம். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்வோமாயின், இச்சுமையை அவ்வுயரத்திற்குத் தூக்க வேண்டும் வேலை 11 இலட்சத்து 40 ஆயிரம் ஜூல். சக்கரம் தரையில் உருள்வதற்கு மேலும் 2 இலட்சம் சேர்க்க. பழகிய இளைஞர் ஒருவர் களைப்பின்றி நெடுநேரம் தரக்கூடிய ஆற்றல் 100 வாட்டு என்று வைப்பின், இவ்வேலை நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான காலத்தில் முடிந்துவிடும். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகமே ஆயினும், அது நடப்பதினும் விரைவே. ஆற்றல் நம்மிடம் உண்டு. அதனை எவ்வாறு செலவிடுவது என்பதிலேதான் இடர்ப்பாடு.

நம் ஊர்களிற் பால்காரரும் தறிக்காரரும் ஓட்டிய கறுப்பு வண்டியை எண்ணிப் பார்க்க. அதன் முன்சக்கரத்தில் 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ளன என்று கொள்வோம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் ஓடும். சமநிலத்தில் இது சிறப்பே. மலையில் மேற்சொன்ன வேகத்திற் சென்றால் மிதி நிமிடத்திற்கு 27 சுற்றே சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கால் சராசரியாக 21 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு அழுத்த வேண்டும். வளைவுகளில் ஏற்றம் இருமடங்கானால் சுமையும் இருமடங்காகும். முழங்கால் இதனைப் பொறாது. ஆனால் முன்னும் பின்னும் 30 பல்லே உடைய அமைப்பிருப்பின், ஒரு சுற்றுக்கு 2 மீட்டரளவே வண்டி நகரும்; மிதி நிமிடத்திற்கு 70 சுற்றுச் சுழலும்; காலின்மேற் சுமை 8 கிலோவாகக் குறையும். வேகமும் அதுவே, வேலையும் அதுவே. சுமையைச் சிறுசிறு பங்காகப் பிரித்துத் தூக்கினோம், அவ்வளவே. கிணற்றடியிற் பெருங்குடம் ஒன்றை ஒருமுறை தூக்குவதற்குப் பதிலாகச் சிறுகுடத்தைப் பலமுறை தூக்கும் மகளிர் இக்கணக்கை எந்நாளும் அறிவர்.

இதனை உலகிற்கு வற்புறுத்திச் சொன்னவர் பிரான்சு தேசத்துச் சாந்த் எத்தியேன் நகரினரான பால் தெ விவி என்பார்; 1853-இற் பிறந்து 1930-இல் மறைந்தவர். வெலோசியோ என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். அந்நகர் நாடா நெசவிற்குப் பேர் பெற்றது. அவரும் முதலிற் பட்டு வாணிகரே. பின்பு அதனை விடுத்து, 1887-இல் ஈருருளிக்கென ஒரு பத்திரிகை தொடங்கி, பலவகைப் பற்சக்கரங்களை மாற்றி மாற்றி ஓட்டும் முறையைப் பரப்பினார். அக்காலத்து வீரர் பலர் அதனை நோயாளிக்கும் முதியோர்க்கும் உரியதென எள்ளினர். பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் அவ்வகைக் கருவி 1937-இலேதான் இடம் பெற்றது. நெசவூரிற் பிறந்த எமக்கு, பட்டு வணிகர் ஒருவர் பல்லெண்ணிக் கணக்கிட்டு மலையை வென்ற செய்தி தனியே உவப்பளிக்கின்றது.

பல்லின் துணையால் மலையேறுவது நீலகிரிக்குப் புதிதுமன்று. 1899-இற் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் அமைந்த மலை இரயில், கல்லாறு முதற் குன்னூர் வரை, தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்களாற் பற்றியே ஏறுகின்றது. அங்கு ஏற்றம் மிகுமிடத்து 12 அடிக்கு ஓரடி. யுனெஸ்கோ 2005-இல் அதனை உலக மரபுச் செல்வங்களுட் சேர்த்தது. 46 கிலோமீட்டரை ஏற அது கொள்ளும் நேரம் ஐந்து மணிக்குச் சற்றே குறைவு. ஈருருளிக்காரன் மெல்லச் செல்கின்றான் என்று நகைப்போர், பெரும்பணம் கொடுத்து அதே வேகத்தில் ஏற முன்பதிவு செய்து காத்திருப்பதை நோக்குக.

வழிகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பர்லியாறு, குன்னூர் வழியே செல்லும் நெடுஞ்சாலை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு கூடியது. அங்கு லாரியும் பேருந்தும் மிகுதி. கல்லட்டி வழி உதகைக்கும் மசினகுடிக்கும் இடையே 36 வளைவுகள் கொண்டது, மிகச் செங்குத்தானது. முதன்முறை செல்வோர் அதனை நினையாதிருத்தல் நன்று. என் கருத்திற் சிறந்தது கோத்தகிரிச் சாலையே. வரலாற்றிலும் அதுவே முந்தியது. கோயமுத்தூர்க் கலெக்டர் சான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்தபின் அமைந்த பாதை சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிப் புறத்திற்கே ஏறிற்று. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகமாக உள்ளது. கோடைக் கூட்ட நாட்களில் அதிகாரிகள் குன்னூர்ச் சாலையை ஏறுவதற்கும், கோத்தகிரிச் சாலையை இறங்குவதற்கும் ஒருவழியாக்குவது உண்டு. அந்நாட்களில் ஈருருளியோடு அப்பக்கம் செல்லற்க.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர்க்கு நன்னன் நாட்டு மலைவழியைக் கூறும் ஆற்றுப்படை என்பது தமிழ் பயில்வார் அறிந்தது. எங்கே வழுக்கும், எங்கே விலங்கு வரும், எங்கே உணவு கிடைக்கும் என அது சொல்லும் செய்திகள், இசைக்கருவிகளைச் சுமந்து நடப்பார்க்கு வேண்டுவன. மோட்டாருக்கு எழுதும் வழிநூல்கள் தொலைவையும் தங்குமிடத்தையும் மட்டுமே கூறும். ஈருருளிக்காரர்க்கு வேண்டுவது அப்பழைய வகை நூலே.

மேலைநாட்டு ஆல்ப்சு மலையில் இத்தகைய செலவு நெடுங்காலமாகப் பழகிப்போனது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தது. ஒருபுறத்தில் மட்டும் 48 வளைவுகள். ஏற்றம் சராசரி 13 அடிக்கு ஓரடி. ஆண்டில் ஒருநாள் மோட்டார்களை விலக்கி அதனை ஈருருளிக்கே விடுகின்றனர். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டு ஊருக்குள் வெளியார் கார் புகுதல் இயலாது. கீழூரில் நிறுத்திவிட்டு இரயிலேறல் வேண்டும். ஆங்குள்ள இரயில்கள் தனிச்சீட்டுப் பெற்று ஈருருளியையும் ஏற்றிச் செல்லும். நம் நாட்டிலும் வண்டியைப் பொதியாகப் பதிந்து இரயிலில் அனுப்ப வழியுண்டு. தொலைவிலுள்ள பழைய மாணவர் அங்ஙனம் கோயமுத்தூர் வந்து சேரலாம்.

நீலகிரியும் மோட்டாரின் சுமையால் இளைத்தே நிற்கின்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்லும் வண்டிகட்கு இ-பாஸ் வேண்டுமென்றாயிற்று. 2025-ஆம் ஆண்டுக் கோடைக்கு, வாரநாட்களில் நாளொன்றுக்கு 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என வரம்பும் இடப்பட்டது. ஆறாயிரம் என்பதே குறைத்த எண் என்றால் குறையாத எண் எத்துணை என ஊகிக்கலாம். சாலையை அகலப்படுத்தினால் தீருமே என்பார்க்கு, 2009 நவம்பரில் அம்மலை பலவிடங்களிற் சரிந்து பலர் மாண்டதை நினைவூட்டுவேன்.

ஏறுவதினும் இறங்குவதே எச்சரிக்கைக்குரியது. மேலே சேர்த்த 11 இலட்சத்து 40 ஆயிரம் ஜூலும் கீழே வருமுன் வெப்பமாகக் கழிய வேண்டும். மூன்றரை லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்யும் வெப்பம் அது. ஒரு பகுதியைக் காற்று கொள்ளும். எஞ்சியது பிரேக்கிலும் ரிம்மிலும் ஏறும். இடைவிடாது பிடித்துக்கொண்டே வரின் ரிம் சுட்டு டியூப் வெடிக்கக் கூடும். ஆதலின் வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பின்பு முற்றிலும் விடுக. இரண்டு பிரேக்கையும் பயன்படுத்துக. கோத்தகிரியில் அடிவாரத்தினும் ஒன்பது பாகை குளிர் மிகுதியாதலின், வியர்த்த உடம்போடு இறங்காது, மார்பை மறைக்க ஒரு கம்பளி கொள்க. திருப்பூர்ப் பனியன் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிந்தாலும் போதும்.

மலையடிவாரக் காட்டில் யானைகள் சாலையைக் கடப்பன. ஆதலின் நன்கு விடிந்தபின் புறப்பட்டு, பொழுதிருக்கையிலேயே மேலூர் சேர்தல் வேண்டும். யானை நிற்கக் கண்டால் மணியடித்தலும் ஒளிப்படம் எடுக்க அணுகலும் ஆகா. திரும்பி, பேருந்து ஏதேனும் வரும் வரை தொலைவில் நிற்க. ஐப்பசி, கார்த்திகையில் அம்மலையின் கீழ்ச்சரிவில் மழை மிகும், அப்போது செல்லற்க. தை மாதத்து முதல் நாள் மேட்டுப்பாளையம், மறுநாள் கோத்தகிரி, மூன்றாம் நாள் அங்கே ஓய்வு, நான்காம் நாள் இறங்கி ஐந்தாம் நாள் மாலை பல்லடம் என வகுத்துக்கொள்வது பொருந்தும். மீளுங்கால் கீழ்க்காற்று முகத்தில் மோதும். அதற்கென ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்க.