கலா (இசைத்தொகுப்பு)

கலா என்பது ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியப் பாடகி எம்.ஐ.ஏ (இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம், பிறப்பு 1975) 2007 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். மின்னணு இசை, சொல்லிசை, நாட்டுப்புறத் தாளம், திரையிசைத் துணுக்குகள் ஆகியவற்றை வரம்பின்றிக் கலந்த பரிசோதனை முயற்சி இது. இதன் தாளங்களில் ஒரு பகுதி சென்னையில் பதிவு செய்யப்பட்டது.

பின்னணி

இலண்டனில் பிறந்த மாதங்கி, கைக்குழந்தையாக இருந்தபோதே யாழ்ப்பாணம் சென்றார். போர்ச்சூழலால் தாயுடன் சிறிது காலம் சென்னையிலும் வாழ்ந்து, 1986 இல் இலண்டனில் அகதியாகக் குடியேறினார். முதல் தொகுப்பான அருளர் (2005) தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கியது. அவர் ஈரோஸ் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயர் இடப்பட்டது.

அருளர் தொகுப்பின் பாடல்கள் பெரும்பாலும் ரோலண்டு எம்சி-505 என்னும் ஒற்றைக் கருவியைக் கொண்டு தொடங்கப்பட்டவை. அடுத்த தொகுப்பை ஐக்கிய அமெரிக்காவில் டிம்பலாண்டு என்ற தயாரிப்பாளருடன் உருவாக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. 2006 இல் அந்நாட்டின் விசா மறுக்கப்பட்டதால் இந்தியா, டிரினிடாட், ஜமேக்கா, ஆத்திரேலியா எனப் பல நாடுகளில் பதிவுகள் நடைபெற்றன. விசா கிடைத்திருந்தால் இத்தொகுப்பில் உருமி ஒலித்திருக்குமா என்பது ஐயமே.

சென்னைப் பதிவு

சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தமது கலையகத்தைப் பயன்படுத்த அனுமதித்ததுடன் இசைக்கலைஞர்களின் தொடர்புகளையும் அளித்தார். சுவிட்ச் என்ற பெயரில் இயங்கும் தயாரிப்பாளர் டேவ் டெய்லருடன் சேர்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட மேளக் கலைஞர்களின் வாசிப்பு பதிவு செய்யப்பட்டது. "பேர்டு ஃப்ளூ", "பாய்ஸ்" ஆகிய பாடல்கள் இத்தாளங்களின் மீது எழுந்தவை.

உருமி இருமுகத் தோற்கருவி. ஒரு முகம் குச்சியால் அடிக்கப்படும். மறு முகத்தில் வளைந்த குச்சி தேய்க்கப்படும். தேய்க்கும்போது சுருதி நிலையாக நில்லாமல் வழுக்கிச் சென்று உறுமல் போன்ற ஓசை எழுகிறது. மின்னணு இசையில் தாழ்ந்த சுரத்தை வழுக்கச் செய்யத் தனி அமைப்பு வேண்டும். உருமியில் அது கையிலேயே உள்ளது. மேலைத் திறனாய்வாளர்கள் பலருக்கு இவ்வோசை முற்றிலும் புதியது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ கோயில் திருவிழா மேளத்தைக் கேட்டு வளர்ந்தவர்க்கு அப்படியன்று.

துணுக்கெடுத்தல்

முன்பே பதிவான ஒலியின் ஒரு பகுதியை வெட்டி, வேகத்தையோ சுருதியையோ மாற்றி, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வதே துணுக்கெடுத்தல். முதற்பாடலான "பாம்பூ பாங்கா"வில் தளபதி (1991) படத்தில் இளையராஜா இசையமைத்த "காட்டுக்குயிலு" பாடலின் துணுக்கு உள்ளது. "பேர்டு ஃப்ளூ"வில் ஜெயம் (2003) படப்பாடல் பயன்பட்டுள்ளது. "ஜிம்மி" என்பது டிஸ்கோ டான்சர் (1982) என்ற இந்தித் திரைப்படத்தில் பப்பி லகிரி இசையமைத்த பாடலின் மறுஆக்கம்.

நிகழ்படங்கள்

நுண்கலையும் திரைப்படமும் பயின்ற எம்.ஐ.ஏ, தம் நிகழ்படங்களையும் பாடல்களுக்கு இணையாகவே கருதினார். "பேர்டு ஃப்ளூ" நிகழ்படத்தை அவரே இயக்கி, தென்னிந்தியாவில் படமாக்கினார். "பாய்ஸ்" ஜமேக்காவின் கிங்ஸ்டனில் ஏறத்தாழ நூறு ஆண் நடனக்காரர்களுடன் எடுக்கப்பட்டது. கூச்சமூட்டும் வண்ணங்களும் அக்கால இணையப் பக்கங்களை நினைவூட்டும் வரைகலையும் நிறைந்த இது, தொகுப்பின் ஓசையைக் கண்ணுக்குக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு.

"பேப்பர் பிளேன்ஸ்" புரூக்ளினில் படமானது. தி கிளாஷ் குழுவின் பாடல் துணுக்கின் மீது அமைந்த இதன் பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. குடியேறிகள் குறித்த மேலைநாட்டு அச்சத்தை எள்ளும் பாடல் இது. எம்டிவி அவ்வெடியோசையை வேறு ஒலியால் மறைத்து ஒளிபரப்பியதை எம்.ஐ.ஏ வெளிப்படையாகக் கண்டித்தார். எள்ளலின் மையமே அவ்வோசைதான் என்பதால் அக்கண்டனம் நியாயமானதே.

வரவேற்பு

ரோலிங் ஸ்டோன் இதழ் கலாவை 2007 ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தெரிவு செய்தது. விற்பனை அந்த அளவுக்கு இல்லை. பில்போர்டு 200 பட்டியலில் 18 ஆம் இடமே கிடைத்தது. 2008 இல் "பேப்பர் பிளேன்ஸ்" பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4 ஆம் இடத்தை எட்டியது. அப்பாடல் அதே ஆண்டில் வெளிவந்த சிலம்டாக் மில்லியனர் திரைப்படத்திலும் இடம்பெற்றது. அப்படத்துக்காக ரகுமானும் எம்.ஐ.ஏவும் இணைந்து உருவாக்கிய "ஓ... சாயா" 2009 ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, விருது அதே படத்தின் "ஜெய் ஹோ" பாடலுக்குச் சென்றது.