குரல் கேட்கவில்லையா? வால்யூமைத் தொடாதீர்கள், மைக்கைப் பாருங்கள்!

கன்றுக்குட்டி விற்பனை, விதைப் பரிமாற்றம், பூச்சிவிரட்டி தயாரிப்பு என எதையும் செல்போனில் பேசிப் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவிலோ யூடியூபிலோ போட்டுவிடுகிறார்கள் விவசாயிகள். பல பதிவுகளில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. மின்விசிறிதான் சத்தமாகப் பேசுகிறது. ‘டேங்குக்கு இருபது மில்லி’ என்று சொன்னது ‘அறுபது மில்லி’ என்று காதில் விழுந்தால், கருகுவது கேட்டவரின் பயிர்தான்.

‘பதிவு முடிந்ததும் வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம்’ என்று பலரும் நினைக்கிறார்கள். குரலோடு இரைச்சலும் சேர்ந்தேதான் கூடும். தூற்றாத நெல்லை மரக்காலில் அளந்தால் பதரும் ஏறத்தானே செய்யும்?

முதலில் தூரத்தைச் சரிசெய்யுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரண்டு மடங்கானால், மைக்கை எட்டும் குரலின் அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அறை முழுக்க நிறைந்திருக்கும் இரைச்சலோ குறையாது. எனவே, போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசுவது நல்லது. பெரும்பாலான போன்களில் மைக் துளை கீழ் விளிம்பில், சார்ஜர் செருகும் இடத்தின் அருகே இருக்கும். அதைக் கவரோ விரலோ மறைக்கக் கூடாது. வயல் புழுதி அடைத்திருந்தால் காய்ந்த, மென்மையான பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம்; உள்ளே இருக்கும் மைக் கிழிந்துவிடும்.

காலர் மைக் வாங்கியும் குரல் எழவில்லை என்றால், அதன் பின்னில் உள்ள வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் செல்போனுக்கானது. இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. அதைச் செருகினால் போன் கண்டுகொள்ளாமல், தன் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்யும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது ‘கரகர’வென்று பலமாக ஒலித்தால் மைக் வேலை செய்கிறது. இல்லையென்றால் கடையில் சொல்லி அதற்கான இணைப்பியை வாங்க வேண்டும். சில மைக்குகளில் செல்போன், கேமரா என மாற்றும் சிறிய சுவிட்ச் இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

விடாமல் ‘உம்ம்ம்’ என்ற ஒலி கேட்டால் சார்ஜரைச் சந்தேகப்படலாம். அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவுசெய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். விமானப் பயன்முறையில் வைத்தால் இடையில் அழைப்பும் வராது.

தகரக் கொட்டகையும் வெற்றுச் சுவர் அறையும் எதிரொலிக்கும். நெல் மூட்டை அடுக்கிய அறை, துணிமணி நிறைந்த அறை இவையே நல்ல ஸ்டூடியோ! வயலில் பேசும்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள்.

மைக்குக்கு மிக அருகில் கத்திப் பேசுவதும் தவறு. பதிவு செயலியில் ஒலி அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், பிறகு சரிசெய்வது கடினம்.

முழுதாகப் பேசுவதற்கு முன் அரை நிமிடம் பேசி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். மருந்து அளவுகளை மட்டும் பதிவின் கீழே எண்ணாகவும் எழுதி அனுப்புங்கள்.