உங்களுக்குத் தெரியுமா? ஏற்காட்டுக் குளிரிலும் காடை வளர்க்கலாம்

ஜப்பானியக் காடையின் முட்டை சுமார் 10 கிராம். 17, 18 நாளில் பொரிந்துவிடும். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த இந்தப் பறவை பெரும்பாலும் அடைகாப்பதில்லை. நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பொரியும்தான், ஆனால் கோழியின் எடையில் மெல்லிய ஓடு நொறுங்கக்கூடும். அதனால் இன்குபேட்டரே பாதுகாப்பு. பொரிந்த குஞ்சு 7, 8 கிராம்தான் இருக்கும். முதல் வாரம் அதற்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில், மார்கழி இரவில் அவ்வளவு சூட்டுக்கு எங்கே போவது என்று தயங்குவது நியாயமே. ஆனால் இந்தக் கவலை ஏறக்குறைய மூன்று வாரத்துக்குத்தான். இறகு முளைத்தபின் காடை குளிரைத் தாங்கும். அதுவரை அட்டைப்பெட்டியும் பல்பும் போதும். சூடு சரியா என்பதைக் குஞ்சுகளே காட்டிவிடும்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரமாக ஒதுங்கி வாய்திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். வழுக்கும் செய்தித்தாளில் கால் விரிந்து ஊனமாகும் என்பதால் தரையில் சாக்கு விரிக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு மூழ்கிச் சாகும். ஆக, மின்தடைக்கு மாற்று ஏற்பாடு இருந்தால் மலைவாசிகளும் துணிந்து இறங்கலாம். குஞ்சுகளைப் பண்ணையில்தான் வாங்க வேண்டும். காட்டுக் காடையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.