சிறு காருக்கு ஏற்ற டர்போ

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா கம்பெனியார் 'மியாட்டா' என்னும் இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் காரை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோது, அதன் 1.6 லிட்டர் எஞ்சின் 116 குதிரைசக்தியே தரும் என்பது ஒரு குறையாகப் பலருக்குத் தோன்றவில்லை. ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள அந்த வாகனத்தின் சௌந்தரியம் வளைவுகளில் அது திரும்பும் லாவகத்தில் அடங்கியிருந்தது. அந்தக் காரின் பழைய பிரதிகளை இன்று கலிபோர்னியாவின் பிரீமாண்டிலும் நியூஜெர்சியின் எடிசனிலும் டெக்சஸின் பிளேனோவிலும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் வாங்கி, விடுமுறை நாட்களில் கராஜில் பிரித்துப் பார்த்து, அதற்கு ஒரு டர்போசார்ஜர் பூட்டினால் என்ன என்று ஆசைப்படுவதில் வியப்பில்லை. அந்த ஆசையை நான் மனமார வரவேற்கிறேன். பாடப் புத்தகத்தில் படித்த வாயு விதிகள் கையில் கிரீஸோடு விளங்கும் சந்தர்ப்பம் அது. ஆனால் "எதைப் போட்டால் முந்நூறு குதிரைசக்தி வரும்?" என்று அவர்கள் தொடங்கும்போதுதான் மனம் துணுக்குறுகிறது. எந்தச் சுழற்சி வேகத்தில் வண்டியை அதிகம் ஓட்டப்போகிறோம், ஊரில் கிடைக்கும் பெட்ரோல் எத்தகையது, வெயில் எவ்வளவு, மாநிலத்துச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பவற்றையெல்லாம் நிர்ணயம் செய்த பிறகே குதிரைசக்திக் கணக்குக்கு வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை தன்னோடு கொண்டு போகும் உஷ்ணமும் வேகமும் வீணாகாமல், அவற்றைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழலச் செய்து, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி, கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதுவதைப்போல் சிலிண்டருக்குள் செலுத்தும் 'டர்போ' என்னும் உபாயத்துக்கு ஸ்விட்ஸர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூஹி 1905-இலேயே காப்புரிமை பெற்றார். அதை ஆகாய விமானத்துக்குப் பயன்படுமாறு செய்து காட்டிய சான்ஃபோர்டு மாஸ் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து பெர்க்லி சர்வகலாசாலையில் பயின்றவர். 1918-இல் பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொண்டு சென்று, காற்று மெலிந்த அந்த உயரத்திலும் சமவெளியில் தரும் சக்தியை அது தரும்படி அவர் செய்தார். எஞ்சினின் சக்தி அது சுவாசிக்கும் காற்றின் எடையைப் பொறுத்தது என்ற உண்மைக்கு அதைவிடச் சிறந்த நிரூபணம் வேண்டியதில்லை.

ஆகையால் காற்றை எடை போடுவதிலிருந்தே நாமும் தொடங்குவோம். நிமிஷத்துக்கு 6,500 சுற்று சுழலும் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுப்பதால், 3,250 முறை தன் 1.6 லிட்டர் கொள்ளளவை நிரப்ப முயல்கிறது. அது 5,200 லிட்டர். சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதில்லை. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு என்று கொண்டால் சுமார் 4,400 லிட்டர், அதாவது ஏறக்குறைய 5.3 கிலோ, அல்லது 11.7 பவுண்டு காற்று. நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு காற்று சுமார் பத்துக் குதிரைசக்தி தரும் என்பது டர்போ செய்வோர் கையாளும் பிரமாணம். அதன்படி வரும் 117, கம்பெனியார் சொன்ன 116-உடன் ஒட்டி நிற்பதைக் காணும்போது கணிதத்தின்மேல் ஒரு தனி மரியாதை உண்டாகிறது. இனி, சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு மிகை அழுத்தம், அதாவது 'பூஸ்ட்', கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வாயு மண்டலத்தின் 14.7 பவுண்டோடு அது சேரும்போது அழுத்தம் 1.68 மடங்காகிறது. ஆனால் அழுத்திய காற்று சூடேறி விரிவதால், இன்டர்கூலர் வைத்துக் குளிரச் செய்த பிறகும் எடையில் சுமார் ஒன்றரை மடங்கே தேறும். பதினேழரைப் பவுண்டு காற்று, 175 குதிரைசக்தி. மாஸ்டா கம்பெனியாரே 2004-இல் டர்போ பூட்டி வெளியிட்ட மாஸ்டாஸ்பீடு மியாட்டா, 1.8 லிட்டர் எஞ்சினோடு, 178-இல் நின்றுகொண்டது என்பதைப் பிள்ளைகள் சிந்திக்க வேண்டும்.

பதினேழரைப் பவுண்டு காற்று, 1.68 மடங்கு அழுத்தம் என்ற இந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு கம்ப்ரஸர் மேப் என்னும் படத்தை அணுக வேண்டும். அதன் கிடைக்கோட்டில் காற்றின் எடையும் நெடுங்கோட்டில் அழுத்த விகிதமும் இருக்கும். நடுவே உள்ள வளையங்கள் ஒவ்வொன்றும் கம்ப்ரஸரின் திறமையைக் குறிக்கும். இடப்பக்க எல்லைக்கு அப்பால் போனால் காற்று முன்னும் பின்னுமாகத் தத்தளித்து சக்கரத்தையும் தண்டையும் வதைக்கும். வலப்பக்க எல்லைக்கு அப்பால் கம்ப்ரஸர் மூச்சு முட்டி, உஷ்ணத்தைத் தவிர வேறெதையும் தராது. உச்ச வேகத்துக்குரிய புள்ளியை மட்டும் குறித்துவிட்டுத் திருப்தி அடைவது பெருந்தவறு. 3,000 சுற்றுக்குரிய புள்ளியையும், அதாவது சுமார் எட்டுப் பவுண்டையும், அதே படத்தில் குறித்து, இரண்டும் எல்லைக்குள் வசதியாக அமைகின்றனவா என்று பார்க்க வேண்டும். காரெட் கம்பெனியின் அட்டவணையில் ஜிடி2554ஆர் என்பது 1.4 முதல் 2.2 லிட்டர் வரையுள்ள எஞ்சின்களுக்கும் 170 முதல் 270 குதிரைசக்திக்கும் உரியது. அதைவிடப் பெரிய ஜிடி2860ஆர்எஸ் 1.8 லிட்டரில் தொடங்கி 250 முதல் 360 வரை. முந்நூறு என்ற எண்ணை மனத்தில் வைத்தவன் பின்னதையே வாங்குவான். வாங்கியபின், எடிசனில் ரூட் ஒன்றின் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகரும்போது, கனத்த டர்பைனைச் சுழற்றப் போதிய புகை அந்தச் சிறிய எஞ்சினிலிருந்து வராமல், பூஸ்ட் ஏறுவதற்கும் அடுத்த சிவப்பு விளக்கு விழுவதற்கும் சரியாக இருக்கும். சிறியதைத் தேர்ந்தவனுக்கோ அன்றாடம் புழங்கும் வேகத்திலேயே பலன் கைக்கு வரும். டெக்சஸ் பொறியாளர் கார்கி பெல் 1997-இல் எழுதிய 'மேக்ஸிமம் பூஸ்ட்' என்ற நூல் இத்தகைய கணக்குகளைப் பொறுமையாகக் கற்பிப்பது. பணம் செலவழிக்குமுன் அதை வாசிப்பது நலம்.

ஊருக்கு ஊர் மாறுவது பெட்ரோலும் வெயிலும். நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் பிரீமியம் பெட்ரோல் 93 ஆக்டேன், கலிபோர்னியாவில் 91. (இங்குள்ள எண் இரண்டு சோதனைகளின் சராசரி; சென்னை பங்க்கில் சொல்லும் எண் வேறு அளவுகோலைச் சேர்ந்தது, அங்கே 91 என்றால் இங்குள்ள 91-ஐவிடத் தாழ்ந்தது.) ஆக்டேன் குறைந்தால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும் 'நாக்கிங்' தலைகாட்டும், அது தொடர்ந்தால் பிஸ்டன் நொறுங்கும். உஷ்ணமும் அதற்குத் துணை போகிறது. சான்பிரான்சிஸ்கோவின் 15 டிகிரி மாலைப் பொழுதில் திறமையான கம்ப்ரஸர் 1.68 மடங்கு அழுத்திய காற்று 80 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும். டாலஸ் நகரத்து 40 டிகிரி வெயிலில் அதுவே 110-ஐத் தொடும். பொருத்தமற்ற கம்ப்ரஸரானால் 120-ஐயும் தாண்டும். ஆகவே டெக்சஸ்காரர் இன்டர்கூலரில் சிக்கனம் பாராட்டலாகாது. 91 ஆக்டேனே கிடைக்கும் கலிபோர்னியாவாசி பூஸ்ட்டை ஓரிரு பவுண்டு குறைத்து வைப்பதே உத்தமம். 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார், 10.25 என்ற உயர்ந்த அழுத்த விகிதத்தோடு டர்போவையும் சேர்த்துக்கொண்டு, நாக்கிங்கைத் தடுக்க மெதனால் கலந்த நீரை எஞ்சினுக்குப் புகட்டியது. சொந்தக்காரர்கள் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். அடுத்த ஆண்டோடு அந்தக் கார் நின்றுபோயிற்று. மியாட்டாவின் விகிதம் 9.4. அந்தக் காரில் அந்த எஞ்சின் டர்போ இல்லாமல் ஓடவே அமைந்தது. அதன் பழைய கம்ப்யூட்டருக்கும் பூஸ்ட் என்பது அந்நியம். பெரிய இன்ஜெக்டர்களுக்கும் புதிய எரிபொருள் கம்ப்யூட்டருக்கும் அதைச் சீர்செய்பவர் கூலிக்கும் பணம் ஒதுக்காமல் டர்போவை மட்டும் வாங்குவது எஞ்சினைப் பலியிடுவதாகும்.

கடைசியாகச் சட்டம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவதை மத்திய அரசின் சட்டம் நாடெங்கும் தடுக்கிறது. அதற்குமேல், நியூஜெர்சியில் 1995-ஆம் ஆண்டுக்கும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்கும் உரிய பெட்ரோல் கார்களுக்கு 2016 முதல் புகைப் பரிசோதனை இல்லை; டெக்சஸில் சில கவுண்டிகளில் மட்டும், அதுவும் 24 வயது வரையுள்ள கார்களுக்கே உண்டு. கலிபோர்னியா அப்படி விட்டுவிடுவதில்லை. 1976 முதலான மாடல் கார்கள் ஸ்மாக் செக் என்னும் புகைப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். பரிசோதகர் புகையை அளப்பதோடு பானெட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார். கூடுதலாகப் பூட்டிய டர்போவுக்கு மாநிலத்துக் காற்று வளக் குழு அளித்த அனுமதி எண் இல்லையென்றால் வண்டி தேறாது. அந்த அனுமதி, டர்போவும் துணைப் பாகங்களும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கிட்டுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளின் குறிப்பிட்ட எஞ்சினுக்கு வழங்கப்படுவது; கிட்டோடு வந்த டர்போவைக் கழற்றிப் பெரிதொன்றை வைத்தால் அனுமதியும் கூடவே போய்விடும். எனவே பிரீமாண்டில் வசிப்பவர் முதலில் குழுவின் பட்டியலைத் திறந்து, தம் காரின் ஆண்டுக்கு என்னென்ன கிட்டுகள் அங்கீகாரம் பெற்றுள்ளன என்று பார்த்துவிட்டு, அவற்றோடு வரும் டர்போக்களின் மேப்பிலேயே மேற்சொன்ன இரண்டு புள்ளிகளையும் குறித்துத் தேர்ந்துகொள்ள வேண்டும்.